ஆயிரம் நாள் பச்சை

அந்த அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய திரை. சுவரை அடைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று இருக்கும். நடுவில் ஓர் எண். அந்தத் திங்கட்கிழமை காலை அது 996. கம்பெனியின் தானியங்கிச் சோதனைகள் ஒன்றுகூடத் தோற்காமல் தொடர்ந்து அத்தனை நாள் ஓடியிருக்கின்றன என்று அர்த்தம். வருகிறவர்களுக்கு இது புரியாவிட்டால் புரியவைக்கத் தரத்தலைவர் இருந்தார். புரிந்துவிட்டாலும் இருந்தார்.

தரத்தலைவர் என்பது அவருடைய பதவி. ஐம்பதைத் தொடும் வயது. மூன்று வருஷத்துக்குள் மூன்று படி ஏறியவர். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பூசணிக்காயைப் பிடித்துக்கொள்வார்; விஷயம் பெரிதாகப் பெரிதாகப் பூசணிக்காயும் பருக்கும். "பச்சைங்கறது கலர் இல்லீங்க, அது ஒரு மனநிலை" என்று அவர் சொன்னதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு யாரோ வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். யாரோ என்றால் அவர்தான்.

பச்சையைக் காப்பாற்ற அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சோதனை தோற்றால் மறுபடி ஓட்டுவார்கள். மறுபடியும் தோற்றால் இன்னொரு தடவை. மூன்று முறைக்குள் ஒரு தடவை தேறிவிட்டால் போதும், தேறியதாகவே எழுதிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் இந்த வசதி இருந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் டாக்டராகியிருப்போம்.

கம்பெனி செய்து விற்பது ஒரு சின்னப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கிளை அலுவலகத்தில் அதைச் செருகினால், ஊர் உலகமெல்லாம் போகும் இணையத்துக்கு நடுவிலேயே தலைமை அலுவலகம் வரைக்கும் ஒரு தனி வழி போட்டுக்கொள்ளும். அந்த வழிக்குச் சுரங்கம் என்று பெயர், பேச்சில் டனல். இந்த டனல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அடித்தளத்துக் குளிர் அறையில் ஒரே ஒரு கணினி இரவு பகலாகச் சோதித்துக்கொண்டிருந்தது.

அதன் பின்னால் கூட்டிப் பெருக்கும் வேலைக்குத்தான் சோதனைக்காரியை எடுத்திருந்தார்கள். வயது நாற்பத்துநான்கு. ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவள். ஆறு மாத ஒப்பந்தம், வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவளைத் திங்கட்கிழமை தன் அறைக்குக் கூப்பிட்டுத் தரத்தலைவர் பூசணிக்காயைக் கையில் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன நாள் தெரியுமா மேடம்?"

"என் கடைசி நாள் சார்."

அவர் ஒரு கணம் தடுமாறினார். "அது வேற. ஆயிரமாவது நாள். பெரியவங்க எல்லாம் வர்றாங்க. அன்னிக்குத்தான் புது டனல் போட்ட நாப்பது பெட்டியும் நாப்பது ஊருக்குக் கிளம்புது. அதுக்குள்ள உங்க கிளீனிங் ஸ்கிரிப்ட் முடிஞ்சிருக்கணும். பச்சை பச்சையாவே இருக்கணும். இருந்தா, நிரந்தர வேலைக்கான லெட்டர்ல நானே கையெழுத்துப் போடறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா..." பூசணிக்காய் எலுமிச்சம்பழமாகச் சுருங்கியது. "கை குலுக்கிக்கலாம்."

அவள் பெருக்க வேண்டிய குப்பை எது என்று சொல்லிவிடுவது நல்லது. கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து வேலை பார்ப்பதற்குக் கெர்னல் என்று பெயர். அதற்கு எல்லா வேலையும் தெரியாது. தெரியாத வேலை வந்தால் மாட்யூல் என்ற துண்டு ஒன்றை உள்ளே ஏற்றவேண்டும். விருந்தாளி வந்தால் பரணிலிருந்து மெத்தையை இறக்கிப் போடுவதில்லையா, அந்த மாதிரி. ஒவ்வொரு டனல் வகைக்கும் ஒரு மெத்தை. விருந்தாளி போனதும் மெத்தையை எடுத்துப் பரணில் வைக்கவேண்டும். இங்கே எந்தச் சோதனையும் அதைச் செய்வதில்லை. வந்தது, படுத்தது, எழுந்து போய்விட்டது. அடுத்து வந்த சோதனை இருட்டில் மெத்தை தடுக்கி விழுந்தது. உடனே "மறுபடி ஓட்டு". இப்படியே 996 நாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் தன் முதல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைக் கோவையை, ஓட்டினாள். அதன் தத்துவம் எளிமையானது: டனல் மாட்யூல் எது கண்ணில் பட்டாலும் தூக்கி வெளியே போடு. போட்டது. நான்காவது வினாடியில், கடைசி ஒன்று மிச்சமிருக்கும்போதே, அவள் திரையில் கர்சர் துடிப்பதை நிறுத்தியது; ஸ்கிரிப்டும் அதோடு அறுந்தது. கணினி கூப்பிட்டால் பேசவில்லை. தட்டினால் எழவில்லை. ஐந்தாம் மாடியிலிருந்து அடித்தளத்துக் கணினிக்குப் போகும் வழியே ஒரு டனல்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் ஆச்சரியத்தோடு கவனித்தாள். கணினி பேச்சு மூச்சில்லாமல் கிடந்த நாற்பது நிமிஷமும் சுவர்த்திரை பச்சையாகவே இருந்தது. தோல்வி வந்தால்தான் சிவக்கும். எதுவுமே வராவிட்டால் நலம் என்று எடுத்துக்கொள்ளும்.

அடித்தளத்துக்கு இறங்கினாள். குளிர் அறையின் பொறுப்பாளர் சாவிக்காரர். இடுப்பில் இருபது சாவி, வெளியே என்ன வெயிலடித்தாலும் உடம்பில் ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒரே மனிதர், ஏனென்றால் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"வாங்கம்மா. மெஷின் பேச மாட்டேங்குதா?"

"நான்தான் அதோட வாயை அடைச்சிட்டேன். நாம வந்துபோற வழியும் ஒரு டனலாம். அதையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிட்டேன்."

"ஆக, வீட்டைப் பெருக்கறேன்னு வாசப்படியையும் வாரிக் கொட்டிட்டீங்க." அவர் சக்கரம் வைத்த மேஜையில் ஒரு பழைய திரையையும் கீபோர்டையும் தள்ளிக்கொண்டு வந்தார். "போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. அவரு பூட்டைப் பூட்டிட்டு சாவிய உள்ளயே வச்சிட்டாரு. நீங்க பரவால்ல."

ஒயரைச் செருகி, வழிக்கான மாட்யூலைக் கையால் திரும்ப ஏற்றினாள். கணினிக்கு உயிர் வந்தது. கிளம்பும்போதுதான் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். கணினியின் நெற்றியில், மஞ்சள் பூத்துப்போய், ஓரம் சுருண்டு ஒட்டியிருந்தது. தடித்த பென்சிலால் எழுத்துக்கு எழுத்து ஒரு சுழி போட்டு எழுதியிருந்தார்கள்: ‘ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். திங்கள் வரை.’

"எந்தத் திங்கள்?"

"அதான் எழுதலையே" என்றார் சாவிக்காரர். "அதனால நாங்க ஒரு திங்களும் தொடறதில்ல."

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் இதைச் சொன்னபோது அவளுடைய நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. சோதனைக்காரியின் கணவன் கப்பலில் வேலை செய்து வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருகிறவன். மற்ற நாட்களில் அந்த வீட்டில் இந்த இரண்டு பெண்களின் ராஜ்ஜியம்தான்.

"அண்ணி, நாங்க வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி துணியை எண்ணுவோம். தைக்கறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவோம். உள்ள போனது வெளிய வந்தாகணும்."

"அதைத்தானே நானும் செஞ்சேன்?"

"எங்க செஞ்சீங்க? துணியோட சேர்த்து கிட்னியையும் எடுத்துட்டீங்க. அது அந்தாளு வரும்போதே கொண்டுவந்தது."

சோதனைக்காரி முட்டையை உடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கத்தி வச்சிருக்கவளோட ஒரே வீட்ல இருக்கறதுல இது ஒரு நன்மை" என்றாள்.

"நான் கத்தி வச்சிருக்கல அண்ணி. எடுத்துக் குடுக்கறேன். குறை சொல்றதும் நான்தான். டாக்டருக்கு நேரமில்ல."

புதன்கிழமை ஸ்கிரிப்டை மாற்றினாள். சோதனை தொடங்கும் முன் உள்ளே யார் யார் என்று ஒரு பட்டியல். முடிந்ததும் இன்னொரு பட்டியல். புதிதாக வந்தவன் எவனோ அவனை மட்டும் வெளியேற்று. முன்பே இருந்தவனைத் தொடாதே. மதியத்துக்குள் நானூற்றுச் சொச்சம் சோதனைகளும் ஓடி முடிந்தன. ஒன்றுகூட இன்னொன்றைத் தடுக்கவில்லை. ‘மறுபடி ஓட்டு’ பொத்தானை முதன்முறையாக அன்று யாரும் அழுத்தவில்லை. சுவரில் 998. தரத்தலைவர் அவள் மேஜைக்கே வந்து நடுத்தர அளவில் ஒரு பூசணிக்காயைக் காட்டி, "லெட்டர் டைப் ஆயிடுச்சு மேடம்" என்றார்.

அவள் இங்கே நிறுத்தியிருந்தால் அவளுக்கும் நல்லது, நமக்கும் நேரம் மிச்சம். ஆனால் சில பேருக்குப் பக்கத்து வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. இவள் அந்த ஜாதி. ‘முன்பே இருந்தவர்கள்’ பட்டியலில் பதினோரு மாட்யூல்கள் இருந்தன. பத்துக்கு அவளால் காரணம் சொல்ல முடிந்தது: இது வலையட்டைக்கு, இது வட்டுக்கு, இது நேற்று அவள் வெட்டி ஒட்டிய வழிக்கு. பதினோராவது மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. புது வகை டனலுக்கான மாட்யூல். முப்பத்தேழு சோதனைகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒன்றுகூட அதை ஏற்றவில்லை. ஏற்றும் கட்டளையை எல்லாச் சோதனைகளிலும் தேடிப் பார்த்தாள். இல்லை. கணினி தொடங்கும்போது ஏற்றும் பட்டியலில் தேடினாள். அங்கேயும் இல்லை. அழைப்பில்லாமல் வந்து, எல்லோருக்கும் மெத்தையாகக் கிடக்கிற இது யார்?

புது டனலின் மென்பொருளை எழுதியவனிடம் போனாள். மேஜையில் எப்போதும் நாலு டீக் கோப்பை இருக்கும் என்பதால் அவன் பெயரே கோப்பை ஆகிவிட்டிருந்தது.

"இந்த மாட்யூலை யாருப்பா ஏத்தறது?"

"டெஸ்ட்தான் அக்கா."

"எந்த டெஸ்ட்டும் ஏத்தலையே."

"டெஸ்ட் எழுதினவரு, பெட்டி ஏத்திக்கும்னு சொன்னாரே."

"பெட்டி ஏத்திக்குதா?"

"டெஸ்ட் ஏத்துதுன்னுதான் நான் பெட்டியில போடல." சொல்லி முடித்தபிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. கையிலிருந்த கோப்பையை வாயில் வைத்துச் சாய்த்தான். அது காலிக் கோப்பை. "கெர்னலே தேவைப்படும்போது தானா ஏத்திக்கும் அக்கா, சாதாரணமா."

"சாதாரணமா. இதுல?"

"இதுல... பாதுகாப்புக்காக அந்தக் கதவைப் பூட்டிட்டோம். ஸ்டார்ட் ஆகும்போது லிஸ்ட்ல இருக்கறது மட்டும்தான் ஏறும்."

"லிஸ்ட்ல இது இருக்கா?"

அவன் தேடினான். அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"எப்பலருந்து இல்ல?"

"எப்பவுமே."

நாற்பது பெட்டிகளும் அட்டைப்பெட்டிகளில் கட்டி, வெள்ளிக்கிழமைப் பயணத்துக்காக லிஃப்ட் அருகே அடுக்கப்பட்டிருந்தன. அவள் மேலே இருந்த ஒன்றின் ஒட்டுநாடாவை நகத்தால் கிழித்தாள். பெட்டியை எடுத்துத் தன் மேஜையில் செருகினாள். டனல் கிடைத்தால் அதன் விளக்கு நிலையாக எரியவேண்டும். அது மினுக்கியது. இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிடுங்கிச் செருகினாள். மினுக்கியது. இன்னொரு பெட்டி, இன்னொன்று. மூன்றும் மேஜையில் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தன. நடுவில் இருந்ததற்குள் நுழைந்து அந்த மாட்யூலைக் கையால் ஏற்றினாள். அதன் கண் நின்றது.

"பொழச்சிருச்சு" என்றான் பின்னால் நின்ற கோப்பை.

"இது பொழச்சிருச்சு. முப்பத்தொம்போது இருக்கு."

வியாழக்கிழமை காலை, சுவரில் 999. அவள் கண்ணடிக்கும் பெட்டி ஒன்றைத் தரத்தலைவரின் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் பெட்டியைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆயிரம் மேடம்."

"நாப்பது ஊர்லயும் இப்படித்தான் சார் மினுக்கும்."

"உங்க ஸ்கிரிப்ட்ல அந்த ஒண்ணை மட்டும் தொடாம விட்டுடுங்களேன்."

"இப்பவும் தொடறதில்ல சார். அதனாலதான் எல்லாம் பச்சையா இருக்கு."

"சரி. பெட்டி போகட்டும். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அப்டேட் அனுப்பிச் சரி பண்ணிடலாம். இதெல்லாம் சகஜம்." பூசணிக்காய் மெல்ல உருவாகத் தொடங்கியது.

"அப்டேட் எது வழியா சார் போகும்?"

"வேற எது வழியா, டனல்..." என்றார். பூசணிக்காய் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

ஒரு பெரிய மனிதர் ஒரு பிரச்னையைத் தீர்க்க முடியாதபோது, அதற்கு ஆள் தேடுவார். தரத்தலைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது தானா ஏறல. எவனோ ஒருத்தன் வேலை முடிஞ்சதும் இறக்காம, அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். அந்த மாதிரி அலட்சியத்துக்கு இந்த பில்டிங்ல இடமில்ல. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள பேரு வரணும் மேடம். அது வராம நான் எந்த லெட்டர்லயும் கையெழுத்துப் போடறதா இல்ல."

அவளுக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது, லெட்டரோ இல்லையோ. கணினியின் பழைய பதிவேடுகளைத் திறந்தாள். வேறு எந்த ஒழுங்கான இடத்திலும் அவை எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். இங்கே அழிக்க ஏற்பாடு செய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. சோம்பலுக்கும் சில சமயம் ஆவணக் காப்பகத்தின் குணம் வந்துவிடுகிறது. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரி கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மாட்யூல் கையால் ஏற்றப்பட்டிருக்கிறது. ஏற்றியவர் லாகின் பெயர்: பென்சில்.

தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சுவர்த்திரையின் முதலாவது நாள், அதற்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை.

ஆயிரம் நாள் பச்சைக்கும் வயது அந்த ஒரு வரியின் வயதுதான்.

பென்சில் என்று கம்பெனி ஊழியர் பட்டியலில் யாரும் இல்லை. கீழே இறங்கினாள். சாவிக்காரர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பென்சில்னு இங்க யாராவது இருந்தாங்களா?"

அவர் டீயை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா?"

"தெரிஞ்சுக்கணும்."

"காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருப்பாரு. அப்ப டெஸ்டிங்லதான் இருந்தாரு. இந்த அறைக்குள்ளயே தரையில உக்காந்து, பாதி நாள் இங்கதான் கெடப்பாரு. எதைப் பார்த்தாலும் ‘ஏன், ஏன்’னு கேட்டுக்கிட்டே இருப்பாரு, உங்கள மாதிரி." மப்ளரை இறுக்கிக்கொண்டார். "இப்ப கேக்கறதில்ல. நீங்கதான் தினமும் அவருக்கு குட்மார்னிங் சொல்றீங்களே."

சோதனைக்காரி கணினியின் நெற்றியில் இருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்துச் சுழி. அவளுடைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்திலும் அதே சுழி.

ஆக, பெயரைச் சொல்லாவிட்டால் லெட்டர் இல்லை. சொன்னால் லெட்டரில் கையெழுத்துப் போடவேண்டிய கையையே பிடித்துக் கொடுத்ததாகும். லிஃப்டுக்குப் போகாமல் படிக்கட்டில் ஏறினாள், யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்று. ஐந்து மாடி ஏறியும் கிடைத்தது மூச்சிரைப்புதான். ஆனால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவளுக்கு ஒன்று தெளிவானது: யார் என்பது இப்போது அவளுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இன்னொன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போகமுடியாது.

தரத்தலைவரின் அறையில் மறுநாள் பேச்சுக்கான தாள்கள் பரப்பிக் கிடந்தன. அவள் கணினியின் நெற்றியிலிருந்து பிய்த்து வந்த காகிதத்தை அவற்றின் மேல் வைத்தாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமை என்ன ஆச்சு?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். கைகள் இரண்டும் மேஜைமேல் சும்மா கிடந்தன.

"மறுநாள் ஒரு பெரிய ஆளுக்கு டெமோ காட்டணும்" என்றார். "புது டனல் எழவே மாட்டேங்குது. கையால ஏத்திப் பார்த்தேன், எழுந்துடுச்சு. சனிக்கிழமை, எல்லாரும் போயாச்சு. முறையா லிஸ்ட்ல சேர்க்கறத திங்கட்கிழமை வந்து செய்யலாம், அதுவரைக்கும் எவனும் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிடக்கூடாதுன்னு எழுதி ஒட்டினேன்."

"திங்கட்கிழமை?"

"திங்கட்கிழமை எனக்கு புரமோஷன் வந்துது மேடம். டெமோ அவ்வளவு நல்லாப் போச்சு. மேல ரூம் குடுத்தாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவருக்கும் வந்தது போலிருந்தது. அவர் அடக்கப் பழகியிருந்தார்.

"அந்த முப்பத்தேழு டெஸ்ட்டும் அதனாலதான் ஓடுதா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. "எறக்கிப் பார்த்தீங்களா?"

"எப்படிச் சார் எறக்கறது. போர்டு செவந்துரும்."

அவர் எழுந்தார். "வாங்க."

குளிர் அறைக் கதவைத் திறந்த சாவிக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, எந்த ஆச்சரியமும் இல்லாதவர் போல, "வாங்க பென்சில்" என்றார். மடக்கு நாற்காலியை நகர்த்தினார். தரத்தலைவர் அதில் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி சாவிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். பட்டியலை எடுத்தார். கையால் ஏற்றியதைக் கையால் இறக்கினார். முப்பத்தேழு சோதனைகளை ஓட்டினார். ஒன்று தோற்றது, அடுத்தது, அதற்கு அடுத்தது. வழக்கப்படி மூன்று முறை. மூன்று முறையும் வரிசை குலையாமல் தோற்றன.

"முப்பத்தேழும் போச்சு" என்றார் அவர். ஒரு கணக்கின் விடை சரியாக வந்தவனின் முகம். "ஒண்ணுகூட மிஞ்சல பாருங்க. ஒரே ஒரு துண்டு."

"ரீஸ்டார்ட் பண்ணினா வேற என்னென்ன போகும்னு பார்க்கணும் சார்."

"மூணு வருஷமா பண்ணல. எழுந்திருக்குமா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்று அவர் ஆசையோடு சொன்னார். பொத்தானை அழுத்தினார். விசிறிகள் நின்றன. அந்த அறையில் அப்படியொரு நிசப்தத்தைச் சாவிக்காரரே கேட்டதில்லை. மப்ளரைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டார். மூன்று பேரும் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது நிமிஷத்தில் தரத்தலைவர், மேலே மேஜையில் கிடக்கும் பேச்சு உட்பட, எல்லாவற்றையும் மறந்துவிட்டவராகத் தெரிந்தார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் கணினி எழுந்தது.

முப்பத்தேழும் தோற்ற அந்த நிமிஷமே ஐந்தாம் மாடியில் சுவர் சிவந்திருந்தது. 999 அழிந்து 0 வந்தது. லிஃப்டில் வந்திறங்கிய இரண்டு பேர் மாடி மாறி வந்துவிட்டோம் என்று திரும்பப் போய்விட்டதாகக் கோப்பை பிறகு சொன்னான்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பெரியவர்களை வரச்சொல்லியாகிவிட்டது, நிறுத்தமுடியாது. கேக்கும் வந்துவிட்டது, பச்சை நிறத்தில், 1000 என்று எழுதி. கோப்பை ஒரு கத்தியால் அந்த ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டான். மூன்று பூஜ்யம் மிஞ்சியது, ஒன்றே போதும் என்றாலும் மற்ற இரண்டையும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தரத்தலைவர் கோட்டோடு மேடையில் நின்று, இதுவரை யாரும் பார்த்திராத அளவு பூசணிக்காயைத் தூக்கினார். தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் துணிச்சல் எத்தனை நிறுவனங்களுக்கு உண்டு என்று கேட்டார். பூஜ்யம் என்பது எண் அல்ல, ஒரு மனநிலை என்றார். பெட்டிகள் ஒரு வாரம் தாமதமாகப் போவது அக்கறையின் அடையாளம் என்றார். அலட்சியம் செய்த அந்த ஊழியரைப் பற்றிக் கேட்ட ஒரு பெரியவரிடம், "அவரை அப்பவே டெஸ்டிங்லருந்து எடுத்துட்டாங்க" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பின்வரிசையில் ஸ்வெட்டரோடு நின்ற சாவிக்காரர் மட்டும் பலமாகக் கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் தரத்தலைவர் சோதனைக்காரியின் மேஜைக்கு வந்து லெட்டரை நீட்டினார். நிரந்தர வேலை. இரண்டாம் பத்தியில், ‘சோதனைப் பலகையின் பச்சைக்குப் பங்கம் வராமல் பணி முடித்ததை முன்னிட்டு’ என்று திங்கட்கிழமையே டைப் அடித்திருந்த வரி அப்படியே இருந்தது. அவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு, தன்னை அறியாமல், காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒரு பென்சில் இருந்தது. அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சுழியோடு கையெழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமை வந்து புதுசா டைப் அடிச்சுத் தந்துடறேன்" என்றார்.

அவர் திரும்பிப் போகும்வரை காத்திருந்து, அவள் நேராக ஜெராக்ஸ் மிஷினுக்குப் போய் மூன்று பிரதி எடுத்தாள். பென்சிலை அழித்துவிடலாம். திங்கட்கிழமையை நம்ப அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

மேஜைக்குத் திரும்பி நாத்தனாருக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: துணி வெளியே வந்தாச்சு, கிட்னி பத்திரம், வேலையும் பத்திரம். பிறகு, வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு தடவை, புதிதாக எழுந்த கணினியின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பத்து மாட்யூல்கள். பதினோராவது இருந்த இடம் சுத்தம். ஒவ்வொன்றின் எதிரிலும் அதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், யார் யார் என்று எழுதியிருக்கும். ஏழாவது வரியில் அவள் விரல் நின்றது. பயன்படுத்துவோர்: 1. யார் என்ற இடம் காலியாக இருந்தது.

பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தாள். அடித்தளத்துக்குப் போன் போட்டாள்.

"நான் ஒரு நிமிஷம் கீழ வரட்டுமா?"

"எத்தனை நிமிஷம்மா?" என்றார் சாவிக்காரர்.

"தெரியல."

"அப்ப ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."